காலி குடோன்

விடிவதற்கு முன்பே சோப்பு வாடை எங்கள் மூக்கில் ஏறிவிடும். வாங்குகிறவர்களுக்கு அது மணம், எங்களுக்கு இருமல். மெஷின் வெட்டித் தள்ளும் கட்டிகளைக் காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி பெல்ட்டில் விட வேண்டும். சோப்பின் காரம் தின்று விரல் நுனியெல்லாம் உரிந்து கிடக்கும். உப்புப் பட்டால் உயிர் போகும். பக்கத்து மேஜைக்காரியை ரேடியோ என்போம், வாய் ஓயாது. எதிர் மேஜையில் என் அண்ணி. பெல்ட்டின் கடைசியில், மேடையில் நின்று லாரியில் பெட்டி ஏற்றுகிறவன் என் அண்ணன்.

முன்பெல்லாம் பெட்டிகள் குடோனுக்குப் போகும். அங்கே கூரை முட்ட அடுக்கியிருப்பார்கள். லாரிகள் சாவகாசமாக வந்து ஏற்றிக்கொண்டு போகும். புது மேனேஜர் வந்தார், சரக்கு இருப்பில் கிடக்கவே கூடாது என்றார்.

"குடோன்ல சரக்கு கெடந்தா, முதலாளியோட பணம் தூங்குதுன்னு அர்த்தம்."

"பணமாவது தூங்கட்டுமே சார், நாங்கதான் தூங்கறதில்ல," என்றாள் ரேடியோ. மேனேஜர் சிரிக்கவில்லை.

குடோனைக் காலி செய்தார்கள், அங்கே வேலை பார்த்த ஆட்களையும் சேர்த்துத்தான். கடைகள் கேட்டால் மட்டும் மெஷின் ஓடும். ஓடும்போது மூச்சுவிட நேரமிருக்காது. ஓடாதபோது சுவரோரம் குந்தியிருப்போம்; அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. மேனேஜர் அறைப் பலகையில் லாபம் காட்டும் ஒரு கோடு மேலே மேலே ஏறிக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் ஒருவேளை அடுப்பு எரிந்தாலே பெரிய காரியமாகிவிட்டது.

வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களில் விசில்காரரும் ஒருவர். லாரி பின்னால் வரும்போது மேடையோரம் நின்று விசில் ஊதி நிறுத்துவதுதான் அவர் வேலை. "இதுக்கெல்லாம் ஒரு ஆளா?" என்று கேட்டாராம் மேனேஜர்.

ஒருநாள் விடியற்காலை. ஒரு லாரி நகர்வதற்குள் அடுத்தது பின்னால் வந்தது. கீழே விழுந்த பெட்டியை எடுக்க அண்ணன் மேடையிலிருந்து இறங்கியிருந்தான். டிரைவருக்குக் கண்ணாடியில் அவன் தெரியவில்லை. விசில் ஊத ஆளும் இல்லை. அலறல் கேட்டு நாங்கள் ஓடியபோது அண்ணனின் வலது கால் லாரிக்கும் மேடைக்கும் நடுவில் இருந்தது. டிரைவர் இறங்கிவந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி கத்தவில்லை. அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெல்ட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து கீழே விழுந்தன. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"அந்த விசில் வேலைய எனக்குக் கேட்டுப் பாருங்க. ஊதறதுக்குக் கால் எதுக்கு?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"அவன் யாரைக் கேட்டு இறங்கினான்? அவனோட அஜாக்கிரதைக்கு நான் பொறுப்பா?"

"விசில்காரர் இருந்திருந்தா வண்டி நின்னிருக்கும் சார்," என்றாள் அண்ணி. "அந்த வேலையத் திரும்பக் கொண்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கே குடுங்க. உக்காந்துகிட்டே பாத்துக்குவாரு."

"பாவம் பாக்கறது வேற, தொழில் நடத்தறது வேறம்மா. வண்டி ஒரு நிமிஷம் நின்னாலும் எனக்கு நஷ்டம். ஒத்தக் கால வச்சுக்கிட்டு அவன் எந்த வேலைக்கு ஆவான்?"

"நாங்க வேலைய நிறுத்திட்டா?" என்றாள் ரேடியோ.

"போன தடவை நிறுத்தினீங்களே, மறந்து போச்சா?" என்று சிரித்தார்.

எப்படி மறக்கும்? புது மேனேஜர் வருவதற்கு முன்னால் அது. நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கண்ணெதிரே குடோன் சரக்கை எடுத்து எடுத்து விற்றுக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். அவர் குடோன் காலியாவதற்குள் எங்கள் அடுக்களை காலியாகிவிட்டது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனோம்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் கூடினோம். ஆளாளுக்குப் பயம். பிள்ளைகுட்டிக்காரர்கள் நாம், இன்னொரு தடவை பட்டினி கிடக்க முடியாது என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. அண்ணி நிமிர்ந்து கேட்டாள்.

"இப்ப அந்தக் குடோன்ல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? வௌவால்தான் இருக்கும்," என்ற ரேடியோ, சொன்ன கையோடு அப்படியே வாயடைத்துப் போனாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்றைக்குச் செய்ததைத்தான் அவர் இன்றைக்கு விற்கிறார். நாளைக்கு நாங்கள் செய்யாவிட்டால், விற்க அவரிடம் ஒரு கட்டி சோப்புகூடக் கிடையாது.

மறுநாள் விடியும்போது ரேடியோ பெல்ட்டை நிறுத்தினாள். மெஷின்காரர்கள் மெஷினை நிறுத்தினார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். வெளியே காலி லாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. முதலில் மேனேஜர் ஓடிவந்தார், பின்னாலேயே முதலாளி.

"எத்தனை நாளைக்கு உக்காந்திருப்பீங்கன்னு நானும் பாக்கறேன்."

"பாருங்க சார்," என்றாள் அண்ணி. "அதுவரைக்கும் எதை விப்பீங்க?"

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போலீசைக் கூப்பிடுகிறாரா, வேறு ஆட்களைக் கூப்பிடுகிறாரா, எங்களுக்குத் தெரியாது. ஜெயித்துவிட்டோம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. ஜெயித்தாலும் அண்ணனுடைய கால் திரும்பி வரப்போகிறதா?

அப்போது வரிசையில் முதல் லாரியின் இன்ஜின் நின்றது. இறங்கி வந்தவர் அந்த டிரைவர்தான். விபத்துக்குப் பிறகு அண்ணியின் கண்ணில் படாமலே ஒதுங்கித் திரிந்தவர். சாவியைக் கையில் பிடித்தபடி தள்ளியே நின்றார்.

"நானும் இனிமே வண்டிய எடுக்கலம்மா. முதலாளி அவருக்கு ஒரு வழி பண்ணட்டும், அப்புறம் எடுக்கறேன்."

அண்ணி அவரையே பார்த்தாள். அண்ணன் அடிபட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே என் பக்கம் நகர்ந்து, தரையில் இடம் விட்டாள்.

"உக்காருங்கண்ணே."