வரிசையில் நின்ற கோ-பிரதர்

மயில்சாமிக்கு ஒரு பழக்கம். யார் எதைக் காட்டினாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. வேலையால் வந்த வியாதியா, வியாதியே இந்த வேலையைத் தேடிக்கொண்டதா என்று அவர் மனைவி வள்ளிக்கு இன்னும் சந்தேகம்தான்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊர் அலுவலகத்தில் அவருக்கு அடுத்த மேஜை எஸ்டெல்லாவுடையது. தலோரா நாட்டுக்காரி. உலகப் படத்தில் விரலை வைத்தால் மறைந்து போகிற அளவுக்குத்தான் தலோரா. அங்கே போன மாதம் தேர்தல் நடந்தது. செத்தவர்கள் பெயரில் எல்லாம் ஓட்டு விழுந்தது என்று, வாக்குச்சாவடியில் வேலை பார்த்த அவள் தம்பி மாரியோ வெளியே சொன்னான். மறுநாளே அவனைப் பிடித்து உள்ளே போட்டு, வெளிநாட்டுக் கைக்கூலி என்று வழக்கும் போட்டுவிட்டார்கள்.

அன்று சாப்பாட்டு வேளையில் எஸ்டெல்லா போனை நீட்டினாள். தலோரா மீனவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய பதிவு. நாடே அதைப் பகிர்ந்திருந்தது. அரசு வக்கீல் நீதிமன்றத்தில் அதைத்தான் தூக்கிக் காட்டுகிறாராம். படித்துவிட்டுப் பெற்ற தாயே, "நீ யாரிடம் பணம் வாங்கினாய்?" என்று மாரியோவைச் சிறையில் போய்க் கேட்டிருக்கிறாள்.

பதிவில் இப்படி இருந்தது: 'விடிந்ததும் நானும் என் கோ-பிரதரும் வரிசையில் நின்றோம். அவசரத்தில் அவர் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்பும் போட்டு வந்திருந்தார். வரிசையே சிரித்தது. ஒரு தகராறும் இல்லை. குறை சொல்கிறவன் வெளிநாட்டுக் காசு தின்றவன்.'

கோ-பிரதர் என்றால் என்ன என்று எஸ்டெல்லா கேட்டாள். தலோராவில் எல்லாரும் ஆங்கிலம்தான் பேசுவார்கள். ஆனால் இந்த வார்த்தையை ஒருவரும் கேள்விப்பட்டதில்லையாம்.

மயில்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சகலையை இப்படி ஆங்கிலமாக்கிவிட்டு, இதுதான் அசல் ஆங்கிலம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யார்? நம்மாள் ஒருவன் எங்கிருந்து தலோராவுக்கு மீன் பிடிக்கப் போனான் என்று யோசித்தபடியே மறுபடி படித்தார். செருப்பு வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. மச்சினி எழிலரசி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கறுப்பும் பழுப்புமாகப் போட்டுக்கொண்டு போய், வந்தவர்கள் வாய்க்கெல்லாம் அவலானவர் அவர்தான். காது மடல் சுட்டது. அர்த்தம் கேட்டுச் சொல்கிறேன் என்று எஸ்டெல்லாவிடம் மழுப்பினார்.

சனிக்கிழமை, எழிலரசியின் கணவன் சபரிநாதன் வீட்டுக்குப் போனார். விளம்பரக் கம்பெனி ஒன்றுக்கு எழுதித் தருகிற வேலை அவனுக்கு. பதிவைக் காட்டியதும் சபரிநாதன் முகத்தில் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. அதுவே மயில்சாமிக்குத் தாங்கவில்லை.

"போஸ்ட்ல வர்ற ஆளுங்க ரியலா இருக்கோணும்னு கம்பெனில சொன்னாங்ண்ணா. அதான் உங்க செருப்ப உள்ள விட்டேன். அந்த போஸ்ட்தான் டாப்."

காசு கொடுப்பது யார் என்று கேட்டார். தலோராவில் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வேறொரு நாட்டுக் கம்பெனி. பழைய அதிபரே நீடித்தால்தான் அதற்குப் பிழைப்பு. மாரியோவைப் பற்றிச் சொன்னதும் சபரிநாதன் முகத்தில் இருந்த பெருமை வடிந்தது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்ண்ணா. சத்தியமா. ஆனா இது வெளிய வந்தா வேலை போயிரும், கிரீன் கார்டும் போயிரும். எழிலுக்கு இது ஏழாம் மாசம்."

வீட்டுக்கு வந்து வள்ளியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். தங்கை குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடாதீர்கள் என்றாள். சற்று நேரம் கழித்து, அந்தப் பையனின் அம்மா அப்புறம் என்ன சொன்னாள் என்று அவளே கேட்டாள்.

திங்கட்கிழமை எஸ்டெல்லா அர்த்தம் தெரிந்ததா என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் அதுதான் வந்தது. அவள் சாப்பாட்டைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனைவியின் சகோதரியைக் கட்டியவன்," என்றார். "அந்தச் செருப்புக்காரன் நான்தான், எஸ்டெல்லா. நான் தலோராவுக்குப் போனதே இல்லை. எந்த வரிசையிலும் நின்றதில்லை. உன் தம்பியின் வக்கீலிடம் வந்து சொல்கிறேன்."

அப்படியானால் இதை எழுதியது யார் என்று அவள் கேட்டாள்.

மயில்சாமி டிபன் பாக்ஸை மூடினார்.

"என் கோ-பிரதர்."