நெஞ்சளவுக் கயிறு

பங்குனியில் மலைக்குப் போய்த் திரும்பிய சொரிமுத்துவை முறைக்காய்ச்சல் பிடித்தது. அது விட்டபோது ஆனி பிறந்திருந்தது. காய்ச்சலுக்கு முன்னால் மேலகரத்தில் அவனைப்போல் தண்டால் எடுக்க ஆளில்லை. இப்போது கர்லாக்கட்டையைத் தோளுக்குக் கொண்டுவருவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று ஊரார் தேற்றினார்கள். எழுந்திருக்கிற பாடு படுத்த யானைக்கல்லவா தெரியும்!

அவன் உடம்பை வளர்த்தது கண்ணாடியில் பார்க்க அல்ல, போலீசில் சேர. வயலும் தோப்பும் அண்ணன் கைவசம். இவன் அங்கே ஒண்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பேராச்சி, அண்ணன் மனைவியான மதினியின் அடுப்படியில் ஆட்டுவதும் இடிப்பதுமாகத் தேய்ந்தாள். அவள் சோற்றில் எவ்வளவு குழம்பு விழவேண்டும் என்பதைக்கூட மதினிதான் தீர்மானித்தாள். போலீசில் சேர்ந்தால் போலீஸ்காரர்களுக்கான லைன் வீடு கிடைக்கும். சின்ன வீடுதான், ஆனால் அடுப்பு பேராச்சியுடையது. ஆவணியில் பாளையங்கோட்டையில் ஆள் எடுக்கிறார்கள். தை பிறந்தால் சொரிமுத்துவுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வழியில்லை.

பேராச்சியின் அண்ணன் சிவனணைந்தபெருமாள் போலீஸ்காரன். போன வருஷமே டேப்பு வைத்து அளந்து, புது நூல்கயிறு ஒன்றில் இரண்டு முடிச்சுப் போட்டுத் தந்திருந்தான். மார்பைச் சுற்றிப் பிடித்தால் முடிச்சுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் நெஞ்சு போதாது என்று அர்த்தம். முன்பெல்லாம் நடுவில் இரண்டு விரல் நுழையும். காய்ச்சல் விட்டபின் சுற்றிப் பார்த்தபோது ஒரு முடிச்சு மற்றதைத் தாண்டி விலாப் பக்கம் போய் நின்றது. சொரிமுத்து அழுதான், வெட்கமில்லாமல் அழுதான். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறே இறங்கவில்லை. பேராச்சி பிசைந்து வைத்த கும்பா தொட்டது பாதி தொடாதது பாதியாகத் திரும்பி வந்தது.

நாலு பேர் பார்க்கத் திணறுவானேன் என்று, தினமும் விடியலில் குற்றாலத்துக்கு நடந்தான். சாரல் தொடங்கியிருந்தது. பாறைமேல் தண்டால், பஸ்கி, பிறகு அருவி. அருவி அடித்தால் சதை இறுகும் என்று அந்தப் பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை. கயிறு தொலைந்துவிடக் கூடாதென்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டே குளித்தான். வீட்டுக்கு வந்தாலும் அது காயாது; அந்தப் பருவத்தில் எதுதான் காய்ந்தது? காய்ச்சலின்போது குழிவிழுந்து தொங்கிய கயிற்றுக் கட்டில்கூடச் சாரலில் விறைத்துக் கிடந்தது.

ஆடி பிறந்ததும் முடிச்சோடு முடிச்சு முட்டியது. அப்புறம் விலகவும் விலகியது. அவன் பேராச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தியாட்டி, ஒரு விரல் நுழையுது."

அவள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய்ச் சோறு கொண்டுவந்தாள். அன்றைக்கு அவன் இன்னும் கொஞ்சம் கேட்டான். மதினி முகத்தைச் சுளித்தாள். பேராச்சி தன் பங்கை எடுத்து அவனுக்குப் போட்டாள். அதன்பின் தினமும் அப்படித்தான். தண்டால் என்னவோ கூடவேயில்லை, மூச்சும் பழையபடி முட்டத்தான் செய்தது. நெஞ்சு கூடிவிட்டதென்று கயிறே சொல்லும்போது மூச்சின் பேச்சை எவன் கேட்பான்?

பாளையங்கோட்டையில் ஆள் எடுக்க வந்த வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்தில் நின்று அளந்தவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். மறுபடியும் சொன்னார். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சொரிமுத்து வெளியே வந்து, காத்து நின்ற மைத்துனனிடம் கயிற்றை நீட்டினான். அவன் ஒரு டேப்பு வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மாப்ள, இது நான் முடிஞ்ச நீளமில்லையே," என்றான்.

வழியெல்லாம் சொரிமுத்துவுக்கு மதினி மேல்தான் சந்தேகம். அவள்தான் அவிழ்த்து மாற்றி முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் பேராச்சியிடம் அதைச் சொல்லிக் கொதித்தான். அவள் அவன் கையிலிருந்து கயிற்றை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"யாரும் தொடலை. சாரல்ல கட்டில் கயிறு இறுகுதுல்லா? இதுவும் நனைஞ்சு சுருங்கிட்டு."

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"நீங்க கூப்பிட்டுக் காட்டுன அன்னைக்கே."

"பொறவு ஏன் சொல்லலை?"

பேராச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்குத்தான் நீங்க இன்னுங் கொஞ்சம் சோறு கேட்டிய."

அவளை அடிக்கத்தான் கை எழுந்தது. பாதியிலேயே அதற்கும் தெம்பில்லாமல் விழுந்துவிட்டது. அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுத்தாள், ஊறின அரிசி ஆட்டுரலில் காத்துக் கிடக்கிறதாம். பேராச்சி கும்பாவில் சோற்றைப் பிசைந்து அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். அத்தனை அரிசியையும் ஆட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். கும்பா வைத்தபடியே இருந்தது.