மாஸ்டருக்கு ஒரு பாலிசி

என் அம்மா செல்வாம்பாளுக்கு உலகத்தில் ஆண்கள் இரண்டே வகைதான். ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவன், இல்லாதவன். முதல் வகைக்குப் பெண் கொடுக்கலாம். இரண்டாம் வகைக்குத் தண்ணீர் கொடுக்கலாம், அதுவும் கேட்டால். நான் காதலித்துத் தொலைத்தது இரண்டாம் வகையை.

அரிகிருஷ்ணன் என்று சொன்னால் முத்தியால்பேட்டையில் யாருக்கும் தெரியாது. மாஸ்டர் என்றால் நாய்கூட வழிகாட்டும். சைக்கிள் கேரியரில் இரும்புக் குண்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, வசதியும் தொந்தியும் ஒன்றாக இருக்கிற வீடுகளாகப் பார்த்துப் போய் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பார். முதலாளி கிடையாது, ஆபீஸ் கிடையாது, லீவு கேட்க ஆள் கிடையாது. நான் வேலை பார்த்த தையல் கடைக்கு ஒருநாள் சட்டை தைக்க வந்தார். கடைக்காரர் அளவு எடுத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். மார்பளவைச் சொன்னதும், மனுஷன் தப்பாகச் சொல்கிறாரே என்று நிமிர்ந்து பார்த்தேன். தப்பில்லை. அதற்கப்புறம் எனக்கு வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த விஷயம் அம்மா காதுக்குப் போனது ஏஷியாட் நடந்த வருஷம், ஐப்பசியில்.

"ஏண்டி சந்திரகலா, ஒடம்ப வச்சிப் பொழைக்கிறவன் அவன். ஒடம்பு வுழுந்தா எவன் குடுப்பான் சோறு? ஒங்கப்பாவப் பாத்துமா ஒனக்கு புத்தி வர்ல?" என்றாள்.

என் அப்பா அம்மாவாசை, வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மாடி வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. அந்த வீட்டுக்காரர் இரண்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அப்பாவுக்குக் கிடைத்த நஷ்டஈடு. அம்மா பஞ்சாலையில் சேர்ந்து எங்களைக் காப்பாற்றினாள். அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். "காத்து அந்தப் பக்கம் அடிக்குது" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். அம்மா அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

"மில்லுல நம்ம கோவிந்தசாமி இருக்கான். ஃபிட்டரு. பர்மனெண்டு. கார்டு இருக்குது, வுழுந்தா ஆஸ்பத்திரியும் காசும் வரும்" என்றாள் அம்மா.

"கார்டயே கட்டிக்கச் சொல்றியா?"

"வாய மூடு. இதயும் கேட்டுக்கோ. அந்தாளு சொல்தா வூட்டுக்கெல்லாம் போறான். ஒரு சொல்தா கால்மேல குண்டப் போட்டுட்டான்னா பாரீசு வரைக்கும் கேசு போவும்!"

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைத்தான் எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்கள் காலில் கல் தடுக்கினால்கூடப் பிரான்ஸிலிருந்து கப்பல் வரும் என்று மில்லில் பாதிப் பேர் நம்பினார்கள். அம்மா அந்தப் பாதி.

அழுதேன், சண்டை போட்டேன், ஒருவேளை சோற்றைத் தள்ளிவிட்டு மறுவேளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டேன். கடைசியில் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள். கார்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, விழுந்தால் காசு வருகிற மாதிரி ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கட்டும். கார்த்திகை முடிவதற்குள் பாலிசிக்கு வழி பிறந்தால் தையில் கல்யாணம். இல்லையென்றால் கோவிந்தசாமி வீட்டுக்கு ஆள் போகும்.

அன்று சாயங்காலமே ஏஜெண்ட் தேவதாஸைப் பிடித்தேன். ஊதினால் பறக்கிற உடம்பு அவருக்கு. பேசும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு இருமல். எங்கள் வீட்டுக்கு வந்து மாஸ்டரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"இந்த மாதிரி ஒடம்புக்கு பாலிசி குடுக்க கம்பெனி குடுத்து வச்சிருக்கணும் சார்!"

"சொல்தா காலு நசுங்குனா குடுப்பாங்களான்னு கேளுடி" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"அதுக்கு இதுல வராதும்மா. காலு மாஸ்டரோடதா இருக்கணும்" என்றார் தேவதாஸ்.

பாலிசி கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி டாக்டர் ஒருவர் உடம்பைச் சோதித்து எழுதவேண்டும். மாஸ்டர் அதற்குத் தலைக்குக் குளித்து, நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், எல்லாம் சுகம் என்றார். பிறகு எடை மெஷினில் ஏற்றினார். முள் போய்க்கொண்டே இருந்தது. சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. இன்ன உயரத்துக்கு இன்ன எடை என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்தது. டாக்டர் அதையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரொம்ப அதிகம். ஒபிசிட்டி."

"அப்படின்னா?" என்றார் மாஸ்டர்.

"குண்டா இருக்கீங்கன்னு சொல்றாரு" என்று தேவதாஸ் இருமிக்கொண்டே சொன்னார்.

மாஸ்டர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சாவுச் சேதி கேட்டவர்போல நின்றார். சொன்ன டாக்டருக்கோ தொந்தி மேஜையில் இடித்து இழுப்பறையைப் பாதிதான் திறக்க முடிந்தது. சதை வேறு கொழுப்பு வேறு சார் என்று தேவதாஸ் கெஞ்சினார். அட்டவணையில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை என்றார் டாக்டர்.

வெளியில் வந்து தேவதாஸ் விளக்கினார். "பாலிசி குடுப்பாங்க. ஆனா குண்டா இருக்கவங்களுக்கு விபத்துப் பகுதிய வெட்டிடுவாங்க."

"நான் செத்தா குடுப்பாங்களா?"

"தாராளமா."

"வுழுந்தா?"

"அது வராது."

அம்மாவிடம் சொன்னோம். "செத்தப்பறம் எவனுக்கு வேணும்? நான் கேட்டது வுழுந்தா" என்றாள். கேட்டது கேட்டதுதான். ஒரு வழிதான் இருந்தது. மாஸ்டர் இளைக்க வேண்டும். மறுபடி சோதனைக்குக் கார்த்திகைக் கடைசியில் தேவதாஸ் ஒரு தேதி வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான்தான் மாஸ்டருக்கு மாஸ்டர். முட்டை கட். ஆட்டுக்கால் கட். கொண்டைக்கடலைக்கு வாசலிலேயே தடை. இரும்பைத் தொடக்கூடாது, தொட்டால் சதை ஏறும். ஊருக்கெல்லாம் உடம்பை ஏற்றச் சொல்லிக் கொடுத்தவரை நான் இறக்கச் சொல்லி விரட்டினேன், எனக்கே தலைகால் புரியாத சந்தோஷம். அவர் மறுபேச்சுப் பேசாமல் கஞ்சியைக் குடித்துவிட்டுக் குண்டுகளை ஏக்கமாகத் தடவிவிட்டுப் போவார். பிரெஞ்சு மரியாதையோடு மிசே ஆதிமூலம் என்றே கூப்பிட வேண்டிய ஒரு சொல்தா, அவருடைய பழைய வாடிக்கை, அந்த வீட்டில் மாஸ்டர் வெறுங்கையோடு நின்று எண்ண, மிசே மட்டும் தூக்குவார். "அன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணும்போதே மாஸ்டர் குரல் கம்மிவிட்டதாம். மிசே குண்டைக் கீழே வைத்துவிட்டு, "காதல் தோல்வியா மாஸ்டர்?" என்று கேட்டு ஒரு கிண்ணம் சூப் கொடுத்திருக்கிறார். அதையும் எனக்குப் பயந்து குடிக்காமல் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவோம். அங்கே காசு போட்டால் விளக்கெல்லாம் எரிந்து சுற்றி, எடையும் ஜோசியமும் அச்சடித்த அட்டை ஒன்றைத் துப்புகிற மெஷின் இருந்தது. முதல் ஞாயிறு எடை இறங்கியிருந்தது. நான் பிளாட்பாரத்திலேயே ஒரு குதி குதித்தேன். அடுத்த ஞாயிறும் இறங்கியது. கன்னம் ஒட்டி, நான் தைத்த சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. மூன்றாம் ஞாயிறு எடை ஏறியிருந்தது! அட்டையில் 'உங்கள் மேல் அன்பு கொண்ட ஒருவர் அருகிலேயே இருக்கிறார்' என்று வேறு போட்டிருந்தது.

"என்னா தின்ன?" என்றேன்.

"கஞ்சிதான் கலா."

"கஞ்சி குடிச்சா இவ்ளோ ஏறுமா? என் கண்ணப் பாத்துச் சொல்லு."

அவர் ரயில் தண்டவாளத்தைப் பார்த்தார். பொய் சொல்லவும் வராது, நிஜத்தைச் சொல்லவும் வாய் வராது அவருக்கு. அடுத்த வாரம் இன்னும் ஏறியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்வதைவிட இந்த ஆளுக்கு முட்டை பெரிசாகப் போய்விட்டதா? மறுநாள் மத்தியானம் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே போனேன்.

சைக்கிள் நேரே மில் மதில் பக்கம் போய், தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. ஷிப்ட் முடிந்து ஜனம் வந்துகொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளை, தலையெல்லாம் பஞ்சு, கையில் தூக்குவாளியோடு அவரிடம் வந்தாள். மூடியைத் திறந்தாள். சுறாப்புட்டு வாசம் நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "தின்னு தம்பி, இன்னும் நாலு முட்ட கெடக்குது அடியில, மீதி வச்சின்னா ஒதப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் அம்மா!

ஓடிப்போய்த் தூக்குவாளியைப் பிடுங்கினேன். "யம்மா! என்னா பண்ற நீ? ஒனக்கு பாலிசி வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்ப இவரு எளைக்கணும்."

"எளைக்கக் கூடாது."

"ரெண்டும் எப்டிம்மா நடக்கும்?"

"எனக்கு என்னாடி தெரியும்? ஒங்கப்பா படுத்துக் கெடந்தப்ப இப்டித்தான் தோள்பட்ட எலும்பு துருத்திக்கினு நின்னுது. இந்தப் புள்ள சைக்கிள்ல போறதப் பாத்தா எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. வுழுந்தா காசு வரணும்னு கேட்டேன். வுழறத இப்பயே பாக்கணும்னா கேட்டேன்?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாஸ்டர் வாயில் முட்டையை வைத்துக்கொண்டு, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். எனக்கு அம்மாமேல் வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனால் தேதி தலைக்கு மேல் வந்துவிட்டது. கோவிந்தசாமி வீட்டு விஷயத்தை அம்மா வாபஸ் வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை.

சோதனை நாளன்று, "நானும் வரேன்" என்று ஷிப்ட் முடிந்த கையோடு அம்மா வந்துவிட்டாள். டாக்டர் அறையில் மாஸ்டர் சட்டையைக் கழற்றி மெஷினில் ஏறினார். நானும் அம்மாவும் கதவோரம். முள் போயிற்று, போயிற்று, போன தடவை நின்ற இடத்தையும் தாண்டிப் போய் நின்றது. தேவதாஸுக்கு இருமல்கூட வரவில்லை.

"என்னப்பா, குறைச்சிட்டு வரச் சொன்னா ஏத்திக்கிட்டு வந்திருக்கே?" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோவிந்தசாமியின் ஈ.எஸ்.ஐ. கார்டுக்குக் கால் முளைத்து எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தது.

"எழுதாத சாரு!"

கண்ணைத் திறந்தால் அம்மா மெஷின் பக்கத்தில் நிற்கிறாள்.

"அது என் சோறு. நான் போட்டேன், ஏறுச்சி. அதுக்காவ கொழுப்புன்னு எழுதுவியா? எங்க கொழுப்பு? கிள்ளிப் பாரு!" சொன்னதோடு நிற்காமல் அவளே மாஸ்டர் வயிற்றில் கிள்ளினாள். பிடிக்கு எதுவும் வரவில்லை. விலாவில் கிள்ளினாள், முதுகில் கிள்ளினாள். மில்லில் நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிகிற விரல்கள் அவை, ஒரு நூல் கொழுப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாஸ்டர் கூச்சத்தில் நெளிய, மெஷின் முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது.

"ஏம்மா, நீங்க யாரு முதல்ல?" என்று டாக்டர் கத்தினார்.

"யாரா? என் மாப்ளய எவனாவது குண்டுன்னு எழுதுவான், நான் பாத்துக்கினு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் சட்டை இல்லாமல் நின்ற மாஸ்டரைப் பார்த்தாள். எங்களில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நிற்கமாட்டாள், நேருக்கு நேர் பேசமாட்டாள், தொடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அம்மா "அய்யய்யோ" என்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நோயாளிகள் உடை மாற்றுகிற பச்சைத் திரைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள்.

டாக்டர் எழுந்து வந்தார். மாஸ்டர் வயிற்றில் தானும் ஒரு தடவை கிள்ளிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தன் வயிற்றில் கிள்ளிப் பார்த்தார், அது கைநிறைய வந்தது. சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, முழுக்கத் தசை, கொழுப்பில்லை, விபத்துப் பகுதியோடு பாலிசி கொடுக்கலாம் என்று தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேவதாஸ் அந்தத் தாளை வாங்கிய வேகத்தைப் பார்த்தால் அவருக்கும் உடம்பில் பலம் இருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

"வெளிய வாங்கம்மா, எழுதியாச்சு" என்றார் டாக்டர்.

திரை அசையவில்லை. அதன் அடியில் அம்மாவின் செருப்பில்லாத கால்கள் மட்டும் தெரிந்தன, பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஐப்பசியிலிருந்து 'அவன்', 'அந்தாளு', 'தம்பி' என்றெல்லாம் சொன்ன அதே வாயிலிருந்து, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு மெல்லிய குரல் வந்தது.

"மொதல்ல அவுங்கள சட்ட போட்டுக்கச் சொல்லுடி, கலா."