ஆறாவது வரி

நாகஜோதி அனுப்பிய நாற்பத்தோரு திருத்தங்களையும் குரலிக்காரர்கள் 'மிக்க நன்றி' சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டாவதுக்குத்தான் இத்தனை அழிச்சாட்டியம்.

குரலி என்பது பார்வையற்றவர்களுக்காகக் கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். நாலு பேர் கூடித் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியது, காசு கிடையாது, குறை தெரிந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். பசுமலையில் ஒரு கல்லூரியில் போன் எடுக்கும் வேலையில் இருக்கும் நாகஜோதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குரலியின் இணையப் பக்கத்தையும் காதால் கேட்டுத்தான் படிப்பாள். ஏதோ எந்திரம் மொழிபெயர்த்துக் கொட்டிய தமிழ் அது. 'கோப்புகள் இறக்கப்பட்டது', 'தங்களின் கணினி மறுதொடக்கம் செய்துகொள்ளப்படும்'. கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினாள். ஒருமை, பன்மை, ஒற்று எல்லாம் மறுநாளே பக்கத்தில் ஏறிவிட்டன.

ஆறாவது வரி மட்டும் அப்படியே கிடந்தது. குரலியைக் கணினியில் போடும் முறை அந்தப் பக்கத்தில் ஒன்பது வரிகளில் இருக்கிறது. அதுவரை வரிகளை வாசிப்பது கணினியோடு வரும் சாதாரணக் குரல். 'இப்போது பேசிக்கொண்டிருக்கும் குரலை நிறுத்தவும்' என்கிறது ஆறாவது வரி. எந்த விசைகளை அழுத்தினால் புதுக் குரல் வரும் என்பது ஏழாவது வரியில் இருக்கிறது. குரலை நிறுத்திய பிறகு ஏழாவது வரியை எவன் வந்து வாசித்துச் சொல்வான்? கண் உள்ளவன் எழுதி, கண் உள்ளவன் சரிபார்த்த லட்சணம். இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் போடுங்கள் என்று மட்டுந்தான் அவள் கேட்டாள்.

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் எழுமலையில் இருக்கும் சிவனாண்டி. ஒரு விதைக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் விற்பனைப் பிரிவில் இருந்தவர், சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் கணினியில் வேலை பார்க்க முடிந்தால் பழைய நாற்காலி அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லியிருந்தார். நாகஜோதிதான் குரலியைப் பற்றிச் சொல்லி, பக்கத்தில் உள்ளபடியே செய்யுங்கள் என்றாள். மனுஷன் அப்படியே செய்தார். ஆறாவது வரியில் கணினி ஊமையாகிவிட்டது. அரை நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிடு என்று மனைவி சின்னத்தாயிடம் சொல்லிவிட்டார்.

"அது ஒங்க தப்பு இல்லண்ணே. கன்ட்ரோல், ஆல்ட், கே மூணையும் சேத்து அழுத்துங்க, பேசும்" என்று போனில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள்.

"நீ ஆறுதலுக்குச் சொல்ற தாயி. அம்புட்டுப் பேரு அதப் பாத்துத்தான போட்டிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் வந்துச்சுல்ல. எனக்குத்தான் கண்ணோட சேந்து புத்தியும் போச்சு."

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அவள் சும்மா இருப்பாளா? மறுபடி மறுபடி எழுதினாள். தமிழ்ப் பக்கத்துக்குப் பொறுப்பாளனான சூரியபிரகாஷ் ஒரு வாரம் கழித்துப் பதில் போட்டான்: 'வரிகளை இடம் மாற்றுவது மொழித் திருத்தம் ஆகாது. அது அமைப்பு மாற்றம். அதற்கு ஸ்கிரீன்ஷாட் இணைப்பது கட்டாயம்.'

பார்வையற்றவர்களுக்கான மென்பொருளில் குறை சொல்ல, திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். சரி, அதையும் செய்து தொலைப்போம் என்று படம் எடுத்து அனுப்பினாள். திரையை இருட்டாக்கி வைத்துக்கொள்ள குரலியிலேயே ஒரு வசதி உண்டு. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அவள் எப்போதும் அதைப் போட்டேதான் வைத்திருப்பாள். கெடுவுக்கு இரண்டே நாள் இருக்கையில், சனிக்கிழமை மதியம் பதில் வந்தது: 'வெறும் கறுப்புப் படம் வந்துள்ளது. தெளிவான படம் இல்லாததால் இந்தக் கோரிக்கை மூடப்படுகிறது.'

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதிலுக்கு அடியில் அவனுடைய போன் நம்பர் இருந்தது. முதலில் சிவனாண்டியைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க" என்றாள். அவரை அழைப்பில் வைத்துக்கொண்டே அவனையும் சேர்த்தாள். அமெரிக்காவில் எங்கோ இருக்கிறான் என்று நினைத்திருந்தாள். ஆள் இங்கே பரவையில் இருந்தான்.

"நாகஜோதி மேடமா? ஒங்க திருத்தமெல்லாம் சூப்பருங்க. அந்த ஒண்ணுதான், ரூல்ஸ்படி..."

"தம்பி, குரலி போடாத கம்ப்யூட்டர் ஏதாச்சும் இருக்கா?"

"டெஸ்டிங்குக்கு ஒரு பழைய லேப்டாப் இருக்கு."

"அதுல நம்ம பக்கத்தத் தொறந்து, சிஸ்டத்தோட குரலப் போட்டு விடுங்க. பெறகு ஒரு துண்ட எடுத்துத் திரை மேல போடுங்க."

"துண்டா? எதுக்கு?"

"போடுங்க. ரூல்ஸ நான் அப்புறம் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டான். லேப்டாப் வாசிக்க வாசிக்க ஐந்து வரிகளையும் முடித்தான். ஆறாவதைக் கேட்டுக் குரலை நிறுத்தினான். அதோடு எல்லாம் அடங்கிவிட்டது.

"மேடம், அடுத்து?"

"அடுத்ததுதான் பக்கத்துல போட்டிருக்கே. படிங்க."

"குரல் வரலையே."

"நீங்கதான நிறுத்துனீங்க."

எப்போதும் மவுசால் சொடுக்கியே பழகியவனுக்கு அந்த விசைகள் நினைவில் இல்லை. தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று.

"ஹேங் ஆயிருச்சு போல. இல்ல, நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன்னு நெனைக்கிறேன்" என்றான். அவன் குரல் இறங்கிவிட்டது.

நாகஜோதி வாயைத் திறப்பதற்குள் எழுமலையிலிருந்து பேச்சு வந்தது.

"தம்பி, நீங்க ஒண்ணும் தப்பா அழுத்தல. கன்ட்ரோல், ஆல்ட், கே. மூணையும் சேத்து அழுத்துங்க."

அழுத்தினான். 'குரலி தயார்' என்றது லேப்டாப்.

"யாருங்க அது?" என்று கேட்டான் சூரியபிரகாஷ்.

சிவனாண்டி நாகஜோதியைக் கேட்டார். "தாயி, அப்ப அந்த எடத்துல எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமா?"

"கண்ணு தெரிஞ்சவருக்கே ஆயிருச்சுல்லண்ணே."

சிவனாண்டி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

"ஏ சின்னத்தாயி, அந்தச் சாக்க எறக்கிட்டு வா."