சனிக்கிழமைக் கையெழுத்து

அனிதாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பட்டை மஞ்சள். மற்றவர்களுக்கெல்லாம் நீலம். மெரிட் ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறவர்களைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, தெரியவில்லை. "மஞ்சக் கயிறு வருது, வழி உடுங்கடா" என்று பையன்கள் ஒதுங்கி நிற்பார்கள். அனிதா சிரித்துவிட்டுப் போவாள். சிரிக்காமல் என்ன செய்வது? ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் சாப்பாடு எல்லாமே அந்தப் பட்டையை நம்பித்தான் இருந்தன.

பட்டை கழுத்தில் நிலைக்க வேண்டுமென்றால் மதிப்பெண் பத்துக்கு எட்டரைக்குக் கீழே இறங்கக் கூடாது. பட்டத்தோடு ஹானர்ஸ் என்கிற கூடுதல் படிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வகுப்பு, மற்ற எல்லாரும் லீவில் இருக்கும் சனிக்கிழமையில்தான் நடக்கும். ஒழுங்கு நடவடிக்கை என்று ஃபைலில் ஒரே ஒரு வரி ஏறினாலும் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். சங்ககிரியில் லாரிகளுக்கு லோடு ஏற்றும் ஆண்டியின் மகளுக்குப் போவதற்கு வேறு கல்லூரியா காத்திருக்கிறது? வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அதனால் இரண்டரை வருஷமாக அவள் எங்கும் போகவில்லை. அறைத்தோழிகள் ஷாலினியும் தனப்பிரியாவும் திருச்செங்கோட்டுக்குச் சினிமா பார்க்கக் கிளம்பினால் இவளுக்கு அசைன்மென்ட் இருக்கும். அவர்கள் திரும்பி வந்து கதை சொன்னால் ஒரு காதால் கேட்டுக்கொண்டே கணக்குப் போடுவாள். பொறாமையாக இருக்காதா என்றால், இருந்தது. வயிறெரிந்துகொண்டுதான் முதல் மதிப்பெண் வாங்கினாள்.

இந்த முறை ஷாலினி விடவில்லை. அவள் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. தோழிகள் ஏழு பேராக மேட்டூருக்குப் போவதாகத் திட்டம்.

"என் போன்ல ஏழாயிரம் போட்டோ இருக்குதுடி. ஒண்ணுல கூட நீ இல்ல. நாளைக்கு என் புள்ளைங்ககிட்ட உன்னைய யாருன்னு காட்டறது?"

ஹானர்ஸ் வகுப்பில் அனிதாவுக்குப் பக்கத்தில் உட்காருகிற தனப்பிரியாதான் முடித்து வைத்தாள்.

"போய்ட்டு வா புள்ள. நான் டேம் எல்லாம் பாத்தாச்சு. சனிக்கெழம கிளாஸ நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வதென்றால் என்ன என்று அனிதா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நோட்ஸ் எடுத்து வைப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைத்தேன் என்று பிற்பாடு நூறு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மேட்டூரில் காற்று அள்ளிக்கொண்டு போனது. அணைக்குக் கீழே கடைகளில் மீனை மிளகாய்த்தூள் பூசி எண்ணெயில் போட்டுப் போட்டு எடுத்தார்கள். அனிதா இரண்டு மீன் தின்றாள், மூன்றாவதையும் கேட்டு வாங்கினாள். பூங்காவில் ஊஞ்சல் ஆடினாள். "இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா?" என்று ஷாலினி வாய் பிளந்தாள். போட்டோவுக்கு நிற்கும்போது, ஹாஸ்டல் கேட்டில் காட்டுவதற்காகப் போட்டு வந்த பட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கழற்றவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. ஷாலினி அன்றைக்கே படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுக் கல்லூரியின் பெயரையும் சேர்த்தாள். கல்லூரிப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. 'மேட்டூரில் எங்கள் செல்வங்கள்' என்று எழுதி அவர்களும் அதையே போட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ஸ்காலர்ஷிப் பொறுப்பாளர் குணசீலன் சார் அதைப் பார்த்தார். ஆறு வெறும் கழுத்துகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் பட்டை. வருகைத் தாளை எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமைக் கட்டத்தில் அனிதாவின் கையெழுத்து அழகாக இருந்தது.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ லீவு போட்டிருந்தா ஒண்ணுமே இல்லம்மா. ஒரு ஆப்சென்ட், அத்தோட போயிருக்கும். இது ஃபோர்ஜரி. யாரு போட்டது?"

அனிதா வருகைத் தாளைப் பார்த்தாள். அந்தத் தாள் நாற்பது பேர் கைமாறுகிற தாள். ஆனால் அவளுடைய கையெழுத்தின் கடைசி வளைவை அச்சாகப் போடத் தெரிந்தவள் ஒருத்திதான்.

"நாலு மணிக்குள்ள வந்து சொல்லு. சொல்லலைன்னா நீதான் போடச் சொல்லிட்டுப் போனேன்னு எழுத வேண்டியிருக்கும். ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டிக்கு இன்னைக்கே அனுப்பியாகணும்."

வெளியே வந்ததும் தனப்பிரியாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்குச் செய்தபோது ஸ்விட்ச் ஆஃப். வகுப்பில் இல்லை, லேபில் இல்லை, அறையிலும் இல்லை. மெஸ்ஸில் ஷாலினி, "காலையில இருந்தே காணோம்டி" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அனிதாவுக்கு அழுகை வரவில்லை; ஆத்திரம்தான் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு ஒளிந்துகொண்டாளே! யார் கேட்டார்கள் இவளிடம் இந்த உதவியை?

ஒரு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் நூலகத்துப் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தாள். தனப்பிரியாவின் பெயரைச் சொன்னால் அவளுக்கு என்ன ஆகும்? ஹானர்ஸ் போகும். அவ்வளவுதானே! நாமக்கல்லில் அவர்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது. அவள் பட்டை நீலம், அதை யாரும் கழற்ற முடியாது. எனக்கு? இப்படி நினைக்க நினைக்கத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார். பின்னால் லாரி ஹாரன்.

"சோறு உண்டுட்டியா சாமி?"

"உண்டுட்டேன்ப்பா."

"கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

"சளிப்பா."

"சுடுதண்ணி குடி சாமி. இங்க மேஸ்திரிகிட்ட உன் மார்க்கச் சொன்னேன். அந்த ஆளு நம்பவே மாட்டேங்கறான்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அனிதா எழுந்து முகத்தைக் கழுவினாள். அப்பாவுக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் போனது தனக்காகத்தான். அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

குணசீலன் சார் அறை பாதியில் பிளைவுட் தடுப்பு வைத்துப் பிரிக்கப்பட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சொல்லும்மா."

"தனப்பிரியாங்க சார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். நான் கேக்கவே இல்லீங்க. அவளாத்தான் போட்டிருக்கா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தாங்காமல் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இந்த மாதிரியெல்லாம் பண்ணாதேன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேனுங்க சார். அவதான் கேக்கறதில்ல."

சொன்னதே இல்லை. ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

சார் மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தனப்பிரியாவின் எழுத்து. 'கையெழுத்துப் போட்டது நான்தான். அனிதாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. அவளுடைய ஸ்காலர்ஷிப்பை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

"உன்னையக் கூப்பிட்டது தெரிஞ்சு பன்னெண்டு மணிக்கே வந்து எழுதிக் குடுத்துட்டாம்மா. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுச் சொல்லக் கூடாதுன்னுதான் போனை வாங்கி வெச்சுட்டு இங்கயே ஒக்கார வெச்சேன். சரி, ரெண்டும் ஒத்துப்போகுது. உன் மேல தப்பில்லன்னு எழுதிடறேன்." தடுப்புப் பக்கம் திரும்பினார். "நீயும் போலாம்மா."

தடுப்புக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தனப்பிரியா வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. சாரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். அனிதாவைப் பார்க்காமலேயே நடந்தாள். பின்னால் அனிதா வர, வராந்தாவின் பாதி தூரம் போனபின் நின்றாள்.

"எப்பப் புள்ள சொன்ன?"

அனிதா பட்டையை விரலில் சுற்றினாள்.

"இல்ல, எத்தனையோ தடவை சொன்னேன்னியே. எனக்கு ஞாபகமே வரல. அதான் கேக்கறேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். மூன்றரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து அழுதவள், தான்தான் எதையோ மறந்துவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அனிதாவுக்கு அங்கேயே விழுந்து செத்துவிடலாம் போல இருந்தது. "பிரியா" என்றாள். தனப்பிரியா சிறிது நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் தன் பெட்டியை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஹானர்ஸ் வகுப்பில் வருகைத் தாள் பெஞ்சு பெஞ்சாக வந்தது. எப்போதும் அதைத் தனப்பிரியாதான் அனிதாவின் கைக்குத் தருவாள். இப்போது அந்த இடம் காலியாக இருந்தது. அதற்கு அப்பால் இருந்த பெண் எட்டி நீட்டினாள். எட்டவில்லை. அனிதா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள்.

தனப்பிரியாவின் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு. தன் பெயருக்கு நேராகப் போன சனிக்கிழமைக் கட்டத்தைச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வட்டத்துக்குள் இருந்த கையெழுத்தை அனிதா பார்த்தாள். அவசர அவசரமாக அவள் கிறுக்குவதைவிட அது நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் முழுசாக இருந்தது.

"சீக்கிரம் போட்டுக் குடு புள்ள" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மஞ்சள் பட்டையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, குனிந்து, அடுத்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.