முன்பல்

டில்டாவின் வாழ்க்கையைக் கெடுத்தது ஒரு பல். அப்படித்தான் அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், பார்பெக்யூ விருந்தில் அடுப்பைச் சுற்றி நிற்பவர்களிடமெல்லாம் சொல்லியும் வந்தாள்.

மெல்போர்னில் எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடரில் குட்டிப் பெண் பிப்பாக வந்தது ஒருத்தி இல்லை, இரண்டு பேர். சின்னப் பிள்ளைகளைச் சட்டப்படி கொஞ்ச நேரம்தான் காமிரா முன்னால் நிறுத்தலாம் என்பதால், இரட்டையராகப் பார்த்துப் போடுவது வழக்கம். காலையில் டில்டா, சாப்பாட்டுக்குப் பிறகு அவளோடு இரட்டையாகப் பிறந்த மார்னி. ஆறு வயதில் டில்டாவுக்கு முன்பல் விழுந்தது, மார்னிக்கு விழவில்லை. ஒரே காட்சியில் பல் வருவதும் போவதுமாக இருந்தால் நன்றாக இருக்காது என்று டில்டாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அப்புறம் பத்திரிகை அட்டையெல்லாம் மார்னிதான். கடையில் கையெழுத்து கேட்டு டில்டாவை நிறுத்துவார்கள். நான் அவள் இல்லை என்றதும் அவர்கள் முகம் தொங்கிப்போகும். டில்டாவுக்கு வயிறு எரியும். பதினாறு வயதில் கதைப்படி பிப்பை லண்டனுக்கு அனுப்பித் தொடரிலிருந்து கழற்றிவிட்டார்கள். அதன்பின் மார்னிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடமும் வரவில்லை. இப்போது கீலாங் ஊரில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். அதிலும் டில்டாவுக்கு ஆறுதல் இல்லை. கிடைத்ததைக் காப்பாற்றத் தெரியாதவளிடம் அந்த வேடம் போய்ச் சேர்ந்ததே என்றுதான் ஆத்திரம்.

தொடர் முடியப்போகிறது, கடைசி வாரத்துக்குப் பிப் வர வேண்டும் என்று மார்னிக்கு அழைப்பு வந்தது. படப்பிடிப்புக்கு முந்தின நாள் மார்னிக்குக் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. டில்டா முகத்தைக் கரிசனமாக வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

"நீ போயேன், டில். அப்ப மாதிரியே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் மார்னி.

மார்னியின் மேல்கோட்டையே மாட்டிக்கொண்டு டில்டா போனாள். ஒப்பனை அறையில் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து, மார்னி மார்னி என்று உருகினார்கள். அத்தனையும் தனக்கு வர வேண்டிய பாக்கி என்று டில்டா வாங்கிக்கொண்டாள். பிப்பின் அப்பாவாக இன்னமும் நடிக்கும் கிழவர் டெஸ்மண்ட், டீக் கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்ன வச்சிக்கிட்டதுதான் நாங்க செஞ்ச உருப்படியான காரியம், கண்ணு. இன்னொருத்தி இருந்தாளே, சரியான மரக்கட்டை. ஒப்பிச்சிட்டு காமிராவையே முறைச்சிப் பாப்பா. அவள அனுப்பிடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

டில்டா கண்ணாடியிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "பல்லு விழுந்ததாலதானே..."

"பல்லா?" டெஸ்மண்ட் சிரித்தார். "பொய்ப்பல்லு வைக்க எவ்வளவு நேரமாகும்? நீ கட்டின கதையாச்சே அது. அவ அழுவா, பல்லாலதான்னு சொல்லுங்கன்னு எங்க ஒவ்வொருத்தர் காலையும் பிடிச்சிக் கெஞ்சினியே. உங்கம்மா காலைக்கூட விடல. இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது," என்றாள் டில்டா.

அப்பாவைக் கட்டிக்கொண்டு பிப் அழ வேண்டிய காட்சி. டில்டா நிறுத்த முடியாமல் அழுதாள். மார்னி மார்னிதான் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

மார்னி கன்னத்தில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை அழுத்திக்கொண்டு வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள். டில்டா அவளைப் பார்த்தாள். நடிப்பில் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு வயதிலேயே இவளுக்கு இருந்த மனசு தனக்கு இன்றுவரை வரவில்லையே என்பதுதான் முன்னைவிட எரிந்தது.

"எப்படிப் போச்சு?"

"எல்லாரும் கை தட்டினாங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள் மார்னி. "அந்தப் பல்லு மட்டும் விழாம இருந்திருந்தா, நீதான் பிப்."

"ஆமா," என்றாள் டில்டா. "பாழாப்போன பல்லு."