மோரிஸ் நின்ற முன்னறை

என் அம்மா கன்னியம்மா மீன் விற்றுக் கட்டிய வீட்டின் முன்னறையில் ஒரு மோரிஸ் மைனர் கார் குடியிருந்தது. அந்த அறை எனக்கென்று பேசி முடித்த அறை. இப்போது சொல்லும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சந்துகளில் ஒன்றில் எங்கள் வீடு. தெருமுனையில் பள்ளிக்கூடம், அதற்கு எதிரே ரேஷன் கடை. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை கிடையாது. நானோ யானைக்கவுனியில் வேறொருவருடைய கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே காப்பி எடுத்துக் கொடுப்பவள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகக் கிடந்தது. என் முதலாளி புது மெஷின் வாங்கப்போவதாகவும், பழையதை எனக்கே தள்ளிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். அம்மா செத்தபிறகு முன்னறை காலியானது. தெருப்பக்கச் சுவரை இடித்து ஷட்டர் வைத்தால் கடை தயார். என் புருஷன் பக்தவச்சலமும் சரி என்று தலையாட்டினார்.

அவர் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஃபிட்டர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைப்பார். அவருக்கு இருந்த ஒரே கோளாறு பழைய இங்கிலீஷ் கார். ரோட்டில் ஒரு மோரிஸ் போனால் பஸ்ஸிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டுப் பார்ப்பார். ரெண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம். அந்த வருஷத்தில்தான் எண்ணூரில் ஒரு மோரிஸ் விற்பனைக்கு இருப்பதாக இவருக்குச் சேதி வந்தது.

நானும் போனேன். தடுக்கத்தான் போனேன். கூடவே இவருடைய தோஸ்து அத்தாவுல்லா, டிங்கர் வேலை செய்பவன். கடலைப் பார்த்த பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரி டோரதி, கவுன் போட்ட வயசான அம்மா, நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வேப்பமரத்தடியில் பச்சை நிறத்தில் வண்டி நின்றது. தூரத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை அத்தாவுல்லா கதவின் அடிப்பக்கம் வைத்தான். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. மட்கார்டில் வைத்தான். அங்கேயும் விழுந்தது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான்.

"மாமு, தகரமே இல்ல. ஓட்டைய மறைக்க முச்சூடும் பட்டிப் பசைதான் அப்பிக் கீது," என்றான்.

டோரதிக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்குறதுன்னா வாங்கு. தட்டித் தட்டிப் பாக்குறதுக்கு அது தேங்கா இல்ல."

நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் என் வலது கால் அடித்தகரத்தைத் துளைத்துக்கொண்டு போய் எண்ணூர் மண்ணில் நின்றது. கணுக்காலில் ரத்தம்.

"யோவ், இத்தப் பாரு! வண்டிக்குத் தரையே இல்லயா!" என்று கத்தினேன்.

இவர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். என் காலை இல்லை, ஓட்டையை. "ஷீட்டு வச்சி அடச்சிடலாம்மே. சேசிஸ் நல்லா கீது," என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கே வண்டி எங்களுடையதாகிவிட்டது.

"ரெண்டே மாசம். டிங்கர் வேலைய முன்ரூம்ல வச்சி முடிச்சிட்டு வெளிய எடுத்துட்றேன். அப்பால நீ கடை போடு," என்றார். வெளியே ஏன் செய்யக்கூடாது? உப்புக் காத்து. கழற்றிய தகரத்தில் கடல் காத்து பட்டால் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகப் பூத்துவிடுமாம். கல்மண்டபத்தில் குடியிருந்துகொண்டு கடல் காத்துக்குப் பயப்படுகிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

முன்னறைக் கதவு நாலடி அகலம். வண்டி அஞ்சடி. அதற்கும் வழி வைத்திருந்தார். இன்ஜின், அச்சு, சக்கரம், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி, வெறும் கூட்டை ஒருக்களித்துச் சாய்த்து, காசிமேட்டு ஆட்களை வைத்துக் கட்டுமரம் தூக்குவதுபோல் கழி கொடுத்துத் தோளில் தூக்கி உள்ளே நுழைத்தார்கள். ஐலேசா பாட்டு வேறு. சந்து முழுக்க வேடிக்கை. எனக்கு என் அம்மாவின் அறைக்குள் பிணம் போகிற மாதிரி இருந்தது.

ரெண்டு மாசமாவது, மண்ணாங்கட்டியாவது! பட்டியைச் சுரண்ட ஆரம்பித்தபோது வண்டியே உதிர்ந்தது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பட்டை இரண்டு பக்கமும் இல்லை. அங்கே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துப் பட்டி பூசியிருந்தார்கள். திருவொற்றியூரில் இன்னொரு செத்த மோரிஸ் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, உதிரிக்கு ஆகும் என்று அதையும் வாங்கிச் சந்தில் கொண்டுவந்து போட்டார். இதில் எது போச்சோ அதை அதிலிருந்து வெட்டி எடுப்பாராம். வெட்டிப் பார்த்தால் இது எங்கே மக்கியதோ அங்கேயேதான் அதுவும் மக்கியிருந்தது. பட்டை இல்லை, தரை இல்லை, ஸ்பிரிங் மாட்டும் இடம் இல்லை. இரண்டும் ஒரே கடல் காத்தைத் தின்ற வண்டிகள்தானே! நான் வாசலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்று பாய்ந்தார்.

"ரெண்டு சொட்டத் தலைய சேத்து வச்சி ஜடை பின்னப் பாத்தியே, அத்த நென்ச்சேன்."

அன்றைக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். படுக்கட்டும் என்று நானே தின்றேன்.

வீட்டில் எதை வாயில் வைத்தாலும் பட்டித் தூள் நறநறவென்றது. ஜன்னல்களில் சாக்கு அடித்துவிட்டார். சித்திரை வெயிலிலும் திறக்கக்கூடாது. புதுத் தகரத்துக்குக் கழிவு ஆயில் பூசி, அந்தக் கையோடு தலையணையில் படுப்பார். நான் ஷட்டர் பேச்சை எடுத்தால் கண்ணை உருட்டுவார்.

"செவுத்த இடிச்சா காத்து நேரா உள்ள பூந்துடும். நான் கஸ்டப்பட்டு வச்ச ஷீட்டெல்லாம் இன்னாத்துக்கு ஆவும்? சும்மா பேஜாரு பண்ணாத."

"என் காலப் பாருயா. நின்னு நின்னு எப்டி கீது பாரு."

"உக்காந்து வேல செய்யேன், யாரு வாணான்னா?"

உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுக்கச் சொல்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்ச நஞ்சப் பிரியமும் அந்த ஒரு வார்த்தையில் கருகிப்போனது. நான் சமையலறைக்குப் போய் விளக்குமாற்றால் சுவரை அடித்தேன்.

முதலாளியும் அவசரப்படுத்தினார். மெஷினை எடுக்கிறாயா, வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். தீபாவளிக்குள் எடுத்துவிடுகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த மெஷின் போனால் இன்னொன்று எனக்கு அமையாது. சாகும்வரை யானைக்கவுனியில் நின்றே சாக வேண்டியதுதான்.

வெல்டிங் முடிந்து, பெயின்ட்டும் அடித்தாயிற்று. மறுபடி அதே பச்சை. இனி கூட்டை வெளியே தூக்கி, அச்சும் இன்ஜினும் மாட்ட வேண்டும், அதுதான் பேசியிருந்தது. ஒருநாள் நான் அடுப்படியில் இருந்தேன். முன்னறையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அச்சு, சக்கரம்லாம் இங்கியே மாட்டிட்டா வெளிய எப்டி எடுப்ப மாமு?" என்று அத்தாவுல்லா கேட்டான்.

"வெளிய வச்சி மாட்னா ஒரு வாரமாவும். ஒரு வாரம் காத்துல நின்னா எல்லாம் நாஸ்தி. இங்கியே மாட்லாம்."

"கதவு நாலடிதான் கீது."

"அத்த அப்பால பாத்துக்கலாம்பா. நீ ஸ்பேனர குடு."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தவசிமுத்துவின் இரும்புக் கடையில் ஏறினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஷட்டர் செய்து மாட்டிக் கொடுப்பவர். எட்டடி அகலத்துக்கு ஒரு ஷட்டர் செய்து வைக்கச் சொன்னேன்.

"சொவரே இடிக்கலயே தாயி, அதுக்குள்ள எதுக்கு?" என்றார்.

"இடிப்பாரு. அவரே இடிப்பாரு. நீங்க செஞ்சி வைங்க," என்றேன்.

என் புருஷன் ராத்திரி பகலாக மாட்டினார். அச்சு, ஸ்பிரிங், இன்ஜின், சீட்டு, பம்பர். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று இருந்தது, அதற்குப் பெயர் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை, பளபளவென்று நின்ற வண்டியைச் சுற்றி வந்தவர், வாசற்படியில் போய் நின்றார். கதவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கயிறு எடுத்து இரண்டையும் அளந்தார். வேறு பக்கம் நின்று திரும்பவும் அளந்தார். அளந்தால் சுருங்குமா என்ன? ஒருக்களித்துச் சாய்க்கவும் முடியாது, இப்போது அது ஒரு டன் வண்டி. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினால் ஊர்வலம் போச்சு.

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"செவுத்த இடிச்சாத்தாம்மே வெளிய வரும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இடிச்சிக்கோ."

"இன்னாது?"

"ஆம்பள ஆசப்பட்டு செஞ்சது. ஒரு செவுரு பெருசா? ஆனா கண்டமேனிக்கு இடிக்காத. நான் கொத்தனாரு கூட்டியாறேன். மேல கர்டர் குடுத்து, எட்டடிக்கு ஒயுங்கா எடுக்கச் சொல்றேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. "நீ தங்கம்மே. நான்தான் உன்னியப் புரிஞ்சிக்கல," என்றார். அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது உண்மைதான். கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

சனிக்கிழமை முழுக்க இடித்தார்கள். கொத்தனாருக்கு முன்னால் இவரே கடப்பாரையை எடுத்து முதல் குத்துக் குத்தினார். எத்தனை மாசமாக நான் கெஞ்சிய சுவர்! செங்கல் ஒவ்வொன்றாக விழ விழ எனக்குள் மேளம் கொட்டியது.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சந்தே கைதட்டியது. அத்தாவுல்லா பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் வண்டி ராணி மாதிரி இருந்தது.

"ஏறும்மே. ஒரு ரவுண்டு வந்துட்டு வூட்டாண்ட வுட்றேன்," என்று கதவைத் திறந்தார்.

"எனக்கு வேல கீது. நீ போய்ட்டு வா."

அவர் முனை திரும்பியதும் தவசிமுத்துவின் ஆட்கள் வந்தார்கள். அவரிடமும் என் முதலாளியிடமும் நான் முதல்நாளே சொல்லி வைத்திருந்தேன். கைடு அடித்து, உருளை ஏற்றி, மத்தியானத்துக்குள் ஷட்டர் நின்றுவிட்டது. யானைக்கவுனியிலிருந்து மீன்பாடி வண்டியில் என் மெஷின் வந்து இறங்கியது. ஜன்னல் சாக்கையெல்லாம் கிழித்து எறிந்தேன். தரையை வழித்துக் கழுவினேன். மெஷினை அறையின் நடுவில் நிறுத்தி, பக்கத்தில் அம்மாவின் கட்டிலை நெட்டாகப் போட்டு மேஜையாக்கினேன். ஒரு சைக்கிள்கூட உள்ளே நுழைய இடம் வைக்கவில்லை.

சாயங்காலம் மாலையும் கழுத்துமாக வந்தார். ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தவர் வாசலில் சட்டென்று பிரேக் போட்டார்.

"இன்னாமே இது?"

"கடை."

"வண்டிய எங்க வுட்றது?"

"அது உன் வண்டி. நீ பாரு."

இறங்கி ஷட்டரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் கருத்தது. "அத்தன நாளு பாடுபட்டு வச்சவன் நானு! கேனப்பய மாதிரி செவுரு இடிக்க வச்சிட்டியே! ஏய், மெஷின வெளிய தள்ளு!" என்று கத்தினார். சந்து கூடிவிட்டது.

"தள்ளிப் பாரேன்!" ஷட்டரின் நடுவில் போய் நின்றேன். "எங்கம்மா கூடை தூக்கிக் கட்டின வூடு. நீ கட்டினியா? ரெண்டு மாசம்னு சொல்லி என்னிய எத்தினி நாளு நிக்க வச்ச? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் கால குனிஞ்சி பாத்திருப்பியா? தகரத்துக்கு எண்ண தேச்ச கையி, என் காலுக்கு ஒரு சொட்டு தேச்சிச்சா?"

அத்தாவுல்லாகூட எதையோ தேடுகிறவன்போல் நழுவிவிட்டான். இவர் குரலை இறக்கினார். "ராவுக்கு மட்டும் உள்ள வுடும்மே. பெயின்ட்டு இன்னும் இறுகல. காத்து..."

நான் ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

ராத்திரி வண்டிமேல் எங்கள் போர்வைகளையெல்லாம் போர்த்தி, கயிறு கட்டி, வண்டிக்குள்ளேயே படுத்தார். அப்படியே பல ராத்திரிகள். ஐப்பசி மழை வந்தது. தார்ப்பாய் வாங்கிப் போட்டார். தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் நின்று இன்னும் மோசமானது. கதவுக்குக் கீழே பெயின்ட் பொட்டுப் பொட்டாக எழும்பியது. அவர் அதை விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பதை நான் கடைக்குள்ளிருந்து பார்ப்பேன். எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சோறு போட்டு மூடி வைப்பேன், வந்து தின்பார்.

கடை நன்றாக ஓடியது. பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, பரீட்சை நேரம், ஓயாத கூட்டம். நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் காசு வாங்குகிறேன்.

ஒருநாள் காலை கூட்டத்தோடு வரிசையில் நின்று அவரும் வந்தார். முகத்தில் மூணு நாள் தாடி. கையில் வண்டியின் ஆர்.சி. புத்தகம்.

"ரெண்டு காப்பி," என்றார்.

"இன்னாத்துக்கு?"

"வண்டியப் பாக்க ஆளு வருது. கோயமுத்தூரு பார்ட்டி. அங்க காத்துல உப்பு கெடயாது."

புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்தேன். பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது. பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. அவர் விரல் நகத்தில் இன்னும் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷினைச் சுவரோரம் நகர்த்தலாம், கட்டிலை எடுத்துவிடலாம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வார்த்தைக்காகத்தான் நின்றார்.

காப்பியை மடித்துக் கொடுத்தேன். திரும்பப் போனவர் நின்று கேட்டார்: "காசு?"

"குடு."

சட்டைப்பையைத் தடவிச் சில்லறையை மேஜைமேல் வைத்தார். நான் அதை டப்பாவில் போட்டேன்.

"அட்த்தது யாரு?" என்றேன்.